என் மோட்டார் வண்டிக்கு வந்த வருத்தம்

நமது கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு அதன் ஆசிரியர் எனக்குக் கடிதம் விடுத்தபொழுது, யான் இப்பொழுது வாழும் கனடா தேயத்தின் அதிசயங்களுள் ஒன்றைப்பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருத்தல் கூடும். நயாகரா அருவியைப்பற்றியும், உறைந்த ஏரிகளின்மேல் மக்கள் அச்சமின்றி நடந்து செல்லுதலைப்பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். யான் எழுதப் புகுந்ததோ ஒரு பழைய மோட்டார் வண்டியைப்பற்றி. அவ்வண்டிக்கு வந்த நோய் இன்னதென்று அறியாது யான் பல நாள் மயங்கியிருந்ததும், அம்மயக்கத்தால் என் தாயார்க்கு நேர்ந்த துன்பமும், முடிவில் அந்நோய் கண்டறியப்பட்ட விதமுமே இக்கட்டுரையின் பொருள். யான் இக்கல்லூரியில் மூன்றாண்டு இரசாயனம் பயின்று பட்டம் பெற்றவன் என்பதை வாசகர் முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அப்பட்டமே பின்னர் என் நாணத்திற்குக் காரணமாயிற்று.

யான் வசிப்பது டொரான்டோ நகரத்தைச் சார்ந்த ஸ்கார்பரோ என்னும் பகுதியில். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கே வெப்பமானி பூஜ்யத்திற்குக் கீழே 20 பாகை செண்டிகிரேடு வரையில் இறங்கும் இரவுகள் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமையில் மோட்டார் வண்டியில் ஏறுவோர் குளிர்ந்த காற்றையே விரும்புவர். வெப்பக் காற்றுக்கென வண்டியில் ஒரு திருகு இருப்பதனையும் பலர் அறியார். அங்கேயோ அத்திருகு உயிர் காக்கும் பொருள்களுள் ஒன்று. ஹீட்டர் எனப்படும் சூடேற்றி இயங்காவிடின், ஏறியிருப்போரின் மூச்சே முகப்புக் கண்ணாடியில் உட்புறமாக உறைந்து, எதிரே வருவதும் தெரியாதொழியும்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பேரக் குழந்தையைக் காணும் ஆவலினால், என் தாயார் தமது எழுபத்தொன்றாம் வயதில் ஊரினின்றும் எம்மிடம் வந்து சேர்ந்தனர். குற்றால அருவியின் சாரலையே கடுங்குளிர் என்று கருதியிருந்த அவர்க்கு, அத்தேயத்தின் குளிர் எத்தன்மைத்தாயிருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க. என்னிடத்திருந்த வண்டியோ பிறர் பதினோராண்டு ஓட்டிக் கழித்தது. 2,00,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அஃது ஓடுகின்றது என்பதற்கு மேல் அதனிடத்து யான் ஒன்றும் எதிர்பார்த்தவனல்லேன்.

நிற்க. பின்வருவது விளங்கவேண்டுமாயின், இச்சூடேற்றியின் இயல்பைச் சிறிது கூறுதல் அவசியமாகின்றது. அது தனக்கென ஓர் அடுப்பு உடையதன்று. எஞ்சினில் பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படும். பெரும் பங்கொன்று புகையோடு வெளியேறும். மற்றொரு பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறி, அகற்றப்படாவிடின் அவற்றையே கெடுத்துவிடும். அவ்வெப்பத்தை அகற்றும் பொருட்டு, எஞ்சினைச் சூழ்ந்த வழிகளில் கூலண்ட் என்னும் திரவம் ஒரு பம்பினால் இடையறாது ஓட்டப்படுகின்றது. எஞ்சின் போதிய சூடு பெறுங்காறும் தெர்மாஸ்டாட் என்னும் சிறு கதவு அடைபட்டிருக்கும். ஏறக்குறைய 90 பாகையில் அது திறக்க, திரவம் வண்டியின் முன்புறத்துள்ள ரேடியேட்டருக்குச் சென்று காற்றினாற் குளிர்ந்து மீளும். அத்திரவத்தின் ஒரு கிளை மட்டும் இரண்டு ரப்பர் குழாய்களின் வழியே, ஏறியிருப்போரின் முன்னுள்ள பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மற்றொரு சிறிய ரேடியேட்டருக்குச் சென்று வரும். ஹீட்டர் கோர் என்பது அதன் பெயர். அதன் ஊடே ஒரு விசிறி காற்றைச் செலுத்த, அக்காற்றுச் சூடேறி நம் கால்களின்மேல் வீசும். எஞ்சின் வேண்டாவென்று கழிக்கும் வெப்பமே நமக்கு வேண்டிய வெப்பமாகின்றது.

அத்திரவமும் வெறும் நீரன்று. பாதி நீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்தது. அக்கலவை பூஜ்யத்திற்குக் கீழே ஏறக்குறைய 37 பாகை வரையில் உறைவதில்லை. கொதிக்கும் பாகையும் நீரினதிலும் உயர்ந்தது. ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்தலால் பின்னும் உயர்கின்றது. 1856-ஆம் ஆண்டில் பிரஞ்சு இரசாயனியாகிய வுர்ட்ஸ் என்பார் முதன்முதல் ஆக்கிய பொருள் இது. சுவை இனியது. ஆயினும் உட்கொள்ளின் கொடிய நஞ்சு. அதன் மூலக்கூற்றின் அமைப்பை யான் பரீட்சைத் தாளில் பிழையின்றி வரைந்து காட்டி மதிப்பெண் பெற்றதுண்டு.

இனி வண்டியின் நோய்க் குறிகளைக் கூறுவேன். டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் கடைக்குச் சென்று மீளுகையில், அருகில் அமர்ந்திருந்த என் தாயார், "ஐயா, வண்டிக்குள்ள கருப்பட்டிப் பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாசனை வருதே" என்றனர். பின்னாசனத்தில் குழந்தை மிட்டாயைச் சிந்தியிருக்கும் என்று விடை கூறினேன். அடுத்த வாரத்தில் முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தே மெல்லிய படலம் ஒன்று படியலாயிற்று. துணிகொண்டு துடைத்தால் எண்ணெய் தேய்த்தாற்போல இழுவிற்றேயன்றி நீங்கவில்லை. துணி அழுக்கு என்று கருதி வேறு துணி வாங்கினேன். பின்னர், "காலடியில விரிப்பு ஈரமாவே கெடக்கு, காலுறையெல்லாம் நனையுது" என்றனர் தாயார். பனிக்காலத்தில் சப்பாத்தில் ஒட்டிய பனி உருகி விரிப்பை நனைத்தல் அங்கே வழக்கம். ஆதலால், "பனிதான் அம்மா" என்றேன். என் காலடி விரிப்பு உலர்ந்தே கிடந்ததை யான் எண்ணிப் பார்த்தேனில்லை.

நான்காவது குறி சூடேற்றியிலேயே தோன்றிற்று. சிவப்பு விளக்குக்காக வண்டி நிற்குந்தோறும் வெப்பக் காற்றுத் தணிந்து குளிர்ந்துவிடும்; வண்டி விரைந்து செல்லத் தொடங்கியதும் மீளவும் சூடேறும். பலகைக்குப் பின்னாலிருந்து, குடத்தில் நீர் மொள்ளும்பொழுது எழுவதுபோன்ற 'களகள' என்னும் ஓசையும் இடையிடையே கேட்டது. பழைய வண்டிக்கு இவையெல்லாம் இயல்பே என்று சமாதானம் செய்துகொண்டேன். எஞ்சினின் மூடியைத் தூக்கிக் கூலண்ட் கலத்தை நோக்குவதற்கு அரை நிமிஷமே வேண்டும். அக்குளிரில் கையுறையைக் கழற்ற மனமின்மையால் அதனையும் செய்தேனில்லை.

இங்ஙனம் ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு சமாதானம் என்னிடத்து இருந்தது. தனித்தனியே நோக்கின் அவற்றுள் ஒன்றேனும் அறிவுக்குப் பொருந்தாததன்று. அவை நான்கும் ஒரே விரலால் ஒரே இடத்தைச் சுட்டின என்பதையே யான் காணாதொழிந்தேன்.

2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கிங்ஸ்டன் என்னும் நகரிலிருந்த உறவினர் ஒருவர் வீட்டிற்கு என் தாயாரை அழைத்துச் சென்றேன். என் மனைவியும் குழந்தையும் வீட்டிலேயே தங்கினர். கிங்ஸ்டன் ஸ்கார்பரோவிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தூரம். 401 என்னும் எண்ணுடைய நெடுஞ்சாலை, ஒன்டேரியோ ஏரியின் வடகரையை ஒட்டிச் செல்லுகின்றது. போகும்பொழுது பகல், இடையூறு ஒன்றும் இல்லை. இரவு உணவிற்குப்பின் திரும்பினோம். வெளியே பூஜ்யத்திற்குக் கீழ் 21 பாகை என்று வண்டியின் பலகை காட்டிற்று.

ஒரு மணி நேரம் சென்றபின், டிரெண்டன் என்னும் ஊரைக் கடந்ததும், சூட்டுக் காற்றுச் சிறிது சிறிதாகக் குளிரலாயிற்று. திருகை முற்றும் திருப்பினேன்; விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். கூடிய வேகத்தோடு குளிர் காற்றே வீசியது. "ஐயா, காலு ரெண்டும் மரத்துப்போச்சு" என்றனர் தாயார். பின்னாசனத்திலிருந்த கம்பளத்தை எடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னேன். முகப்புக் கண்ணாடியின் ஓரங்களில் வெண்மை படர்ந்து நடுவிடம் நோக்கி நெருங்கிற்று. ஒரு கையால் அதனைச் சுரண்டிக்கொண்டே மற்றொரு கையால் வண்டியைச் செலுத்தினேன்.

அப்பொழுதும் என் மனம் சூடேற்றியைப்பற்றியதேயன்றி எஞ்சினைப்பற்றியதன்று. வீடு சேர்ந்தபின் சூடேற்றியைப் பழுது பார்க்கலாம், எஞ்சின் நலமாயிருக்கின்றது என்றே துணிந்தேன். அத்துணிவிற்கு ஆதாரம் எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் ஊசி. அது நடுவிலேயே நின்றது. பின்னர்ச் சில நிமிஷங்களில் அது நடுவிடத்தினின்றும் தாழ்ந்து குளிரைக் குறிக்கும் பக்கமாக இறங்கிற்று. 'வெளியிற் குளிர் மிகுதியாதலின் எஞ்சினும் நன்கு குளிர்ந்திருக்கின்றது' என்று எண்ணி மகிழ்ந்தேன்! அறிவிலி ஒருவன் மகிழ்வதற்கு அதனினும் சிறந்த காரணம் கிடைப்பது அரிது.

போர்வைக்குள்ளிருந்து தாயாரின் குரல் மீளவும் எழுந்தது. இம்முறை அது வேண்டுகோளாக இல்லை. "வண்டியை நிப்பாட்டு, ஐயா. பாகு வாசனை தலையைச் சுத்துது. வண்டிக்கு ஏதோ ஆயிப்போச்சு" என்றனர். இன்னும் ஒரு மணி நேரத்தில் வீட்டிற்குப் போய்விடலாம் என்று யான் சொல்லத் தொடங்கினேன். "நிப்பாட்டு" என்று பின்னும் ஒருமுறை கூறினர். சிறுவனாயிருந்தபொழுது அக்குரலுக்கு யான் மறுமொழி கூறியதில்லை. போர்ட் ஹோப் என்னும் ஊருக்குப் பிரியும் வழியில் இறங்கி ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். நிறுத்துமுன்னரே எஞ்சினிலிருந்து உலோகத்தை உலோகம் தட்டுவதுபோன்ற மெல்லிய ஓசை கேட்டது.

தாயாரைக் கைத்தாங்கலாக நிலையத்துக் கடையின் உள்ளே அமர்த்தி, சூடான தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து எஞ்சினின் மூடியைத் தூக்கினேன். கூலண்ட் கலத்தின் அடியில் ஒரு சொட்டும் இல்லை. அவசரத்தால் ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை வைத்தேன். அருகில் நின்றிருந்த லாரிச் சாரதி ஒருவர் விரைந்து வந்து என் கையைப் பற்றி இழுத்தார். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அடைபட்டிருக்கும் திரவம், மூடி திறந்த கணத்தில் கொதித்தெழுந்து முகத்தில் பாயும் என்பதை அவர் விளக்கியபின்னரே உணர்ந்தேன். இயற்பியல் வகுப்பில் யான் கற்றதும் அதுவே. ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருந்து, எஞ்சின் கைபொறுக்கும் அளவு ஆறியபின் மூடியைத் திறந்து, கடையில் விற்ற கலந்த கூலண்டை ஊற்றினேன். ஏறக்குறைய 3 லிட்டர் உட்சென்றது. அவ்வண்டி கொள்ளும் மொத்த அளவோ 7 லிட்டருக்கும் குறைவு. எஞ்சினை இயக்கியதும் பலகைக்குப் பின்னால் களகளவென்று ஓசை எழுந்து அடங்க, சூட்டுக் காற்று வீசத் தொடங்கிற்று. இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை ஊசியையும் ஓசையையும் கவனித்து நின்று நின்று வந்து, நள்ளிரவு கடந்தபின் வீடு சேர்ந்தோம்.

என் தாயார் அன்றிரவே காய்ச்சலில் விழுந்து எட்டு நாள் எழுந்திலர். கால்விரல்களில் உணர்ச்சி திரும்ப மறுநாட் காலை வரையிற் சென்றது. மருத்துவர் வந்து அபாயம் இல்லை என்று கூறுமளவும் யான் கொண்டிருந்த அச்சத்தை இங்கே விரிப்பதிற் பயனில்லை.

மறுநாள் வண்டியை ஸ்கார்பரோவிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அதனை நடத்துபவர் யாழ்ப்பாணத்தினின்றும் வந்து குடியேறிய முதியவர். 1990-ஆம் ஆண்டையொட்டிய போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்திற்குப் பெட்ரோல் வரவொட்டாது தடுக்கப்பட்டபொழுது, அங்குள்ளோர் பழைய மோட்டார் வண்டிகளைச் சில துளி பெட்ரோலால் எழுப்பி மண்ணெண்ணெயால் ஓட்டி வந்தனர். அத்தொழிலிற் பழகிய கை அவருடையது. வண்டியைத் தொடுவதற்கு முன்னர் அவர் என்னை நோக்கி, "எப்ப தொடக்கம், தம்பி, இந்தக் காருக்கு வருத்தம்?" என்று வினவினார். நம் பக்கத்தில் வருத்தம் என்பது மனத்துயர். அவர்கள் வழக்கில் அது நோய். எனக்கோ அப்பொழுது இரண்டும் பொருந்திற்று.

நேற்றிரவு தொடக்கம் என்றேன். அவர் தலையசைத்து, "சூட்டுக் காத்து ஓடேக்க நிண்டதோ, நிக்கேக்க நிண்டதோ?" என்றார். முதலில் நிற்கும்பொழுது தணிந்தது, பின்னர் ஓடும்பொழுதும் நின்றது என்றேன். "அப்ப நேற்றுத் தொடங்கேல்லை" என்று கூறி, மேலும் வினவினார்: "காரில உங்களோட வேற ஆர் வாறவை?"

"என் தாயார்."

"அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவ்வினாவிற்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர்ப் பாகு வாசனையையும், ஈர விரிப்பையும், கண்ணாடிப் படலத்தையும், யான் கூறிய சமாதானங்களோடு சேர்த்தே சொல்லி முடித்தேன். அவர் நகைக்கவில்லை. "தண்ணி சும்மா காணாமப் போகாது, தம்பி. ஒண்டில் வெளியால ஒழுகும். இல்லாட்டி எஞ்சினுக்குள்ள போய் எரியும். அதுவும் இல்லாட்டிக் காருக்குள்ளயே வரும். எது எண்டு பாப்பம்" என்றார்.

அவர் ஆராய்ந்த முறையைச் சிறிது விரித்தெழுதுகின்றேன். முதலில், ஆறிய எஞ்சினின் ரேடியேட்டர் வாயில், அளவுகாட்டியோடு கூடிய ஒரு கைப்பம்பைப் பொருத்தி உள்ளே காற்றை அழுத்தினார். ஒழுக்கில்லையாயின் அழுத்தத்தைக் காட்டும் ஊசி அசையாது நிற்றல் வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கிற்று. ஆகவே எங்கேயோ ஒழுக்கு உண்டு. விளக்கைப் பிடித்து ரேடியேட்டரின் மூலைகளையும், குழாய்களின் இணைப்புகளையும், கூலண்ட் பம்பின் அடியிலுள்ள சிறு துளையையும் நோக்கினார், யாண்டும் ஈரமில்லை. வண்டியின் அடியில் விரித்த அட்டையிலும் ஒரு சொட்டு விழவில்லை. வெளியே ஒழுகவில்லை என்பது துணியப்பட்டது.

அடுத்து எஞ்சினுக்குள் எரிகின்றதோ என்று பார்த்தார். எண்ணெய்க் குச்சியை எடுத்துத் துடைத்தார், நீர் கலந்த எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் வெளுத்துக் காணும், அங்ஙனம் இல்லை. பின்னர் எஞ்சினை இயக்கி, ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் கொண்ட ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, ரப்பர் உருண்டையை அழுத்தி, உள்ளிருந்து எழும் காற்றை அத்திரவத்தினூடே இழுத்தார். எஞ்சினின் தலைப்பகுதியையும் உடற்பகுதியையும் சேர்க்கும் ஹெட் காஸ்கெட் என்னும் தகடு கெட்டிருப்பின், எரிந்த வாயு கூலண்டிற் புகும். அதிலுள்ள கரியமில வாயு அந்நீலத்தை மஞ்சளாக்கும். கூலண்ட் இன்றிச் சூடேறிய எஞ்சினில் அத்தகடு கெடுதல் எளிது; கெட்டிருப்பின் அதனைச் சீர்செய்யும் செலவு என் வண்டியின் விலையினும் மிகும்.

அந்நீலம் யான் அறியாததன்று. இக்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அதனையொத்த நீலத்தில் கண்ணாடிக் குழலால் மூச்சை ஊதி, அது மஞ்சளாவதைக் கண்டு யாம் சிறுவர்போற் களித்ததுண்டு. அன்று களித்த நிறமாற்றம் இன்று நேராதிருக்கவேண்டுமே என்று மூச்சடக்கி நின்றேன். முதியவர் நெடுநேரம் உருண்டையை அழுத்தினார். நீலம் நீலமாகவே இருந்தது. "அம்மா நேரத்துக்கு நிப்பாட்டச் சொல்லியிருக்கிறா" என்று மட்டும் கூறிக் குழலை எடுத்து வைத்தார்.

எஞ்சியது ஒரு வழியே. வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்து, என் தாயார் கால் வைத்திருந்த விரிப்பை அகற்றி, அதன் கீழிருந்த கம்பளத்தைப் பலகையின் அடியிலிருந்து உரித்தெடுத்தார். கம்பளத்தின் அடியிலிருந்த பஞ்சு முழுதும் ஊறிக் கிடந்தது. இரு விரல்களால் அதனைத் தொட்டுத் தேய்த்து என்னையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நீராயின் உலர்ந்திருக்கும், இது வழுக்கிற்று. முகர்ந்தேன். கருப்பட்டிப் பாகின் வாசனை! ஹீட்டர் கோரில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்றின் வழியே கூலண்ட் பல வாரமாகக் கசிந்து, ஒரு பகுதி ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்தது. மற்றொரு பகுதி சொட்டி விரிப்பை நனைத்தது. என் தாயாரின் கால்கள் அவ்விரவில் மரத்துப்போனதற்குக் காரணம் குளிர் காற்று மட்டுமன்று. அவர் பாதங்கள் அந்நச்சு ஈரத்திலேயே இருந்தன.

ஊசி தாழ்ந்ததற்கும் அவர் விளக்கம் கூறினார். வெப்பத்தை உணரும் கருவி திரவத்துள் மூழ்கியிருந்தாலன்றி மெய் கூறாது. திரவம் குறைந்து அவ்விடத்தில் காற்று நிரம்பியதும், எஞ்சின் கொதித்தாலும் ஊசி தாழ்ந்தே நிற்றல் கூடும். சூடேற்றி முதலிற் குளிர்வதும் அதனாலேயே. ஹீட்டர் கோர் பல வண்டிகளில் உயர்ந்த இடத்தில் இருத்தலால், குறைந்த திரவத்திற்கு ஈடாக உட்புகுந்த காற்று முதலில் அங்கே போய்த் தங்கும். எஞ்சின் விரைந்து சுழலுகையில் பம்பின் வலியால் சிறிது திரவம் அவ்விடம் ஏறும். மெதுவாகச் சுழலுகையில் ஏறாது. சிவப்பு விளக்குகளில் என் வண்டி பன்முறை எனக்கு அறிவித்தது இதனையே.

"ஊரில எண்டால் ரெண்டு ஹோஸையும் பிடிச்சு ஒண்டா மாட்டிவிட்டிட்டு, ஹீட்டர் இல்லாமலே ஓடலாம். இஞ்ச ஏலாது" என்று கூறி, அவர் பலகை முழுவதையும் கழற்றிப் புதிய கோரைப் பொருத்தினார். இரண்டு நாள் வேலை. பின்னர் வண்டியின் முன்புறத்தை உயர்த்தி நிறுத்தி, சூடேற்றியை முற்றும் திறந்து, அகப்பட்ட காற்றெல்லாம் குமிழிகளாக வெளியேறுங்காறும் எஞ்சினை ஓடவிட்டு, திரவத்தை நிறைத்துத் தந்தார்.

மாணவ நண்பர்காள்! மதுரையிலும் நெல்லையிலும் வண்டியோட்டுவோர்க்குச் சூடேற்றியால் என் பயன் என்று நீவிர் வினவலாம். உதகையிலும் கொடைக்கானலிலும் பனிக்கால இரவில் அதன் பயனை நீவிரே அறிவீர். ஆயின் கூலண்ட் குறைதல் எந்நாட்டிற்கும் பொது. ஆதலின் யான் கற்ற சிலவற்றைச் சுருங்கக் கூறுவேன். வாரத்தில் ஒருநாள், எஞ்சின் ஆறியிருக்கையில், கலத்திலுள்ள இரு கோடுகளுக்கு இடையே திரவம் நிற்கின்றதா என்று நோக்குக. குறைந்திருப்பின் ஊற்றுக, மீளவும் குறையின், ஊற்றுவதோடு நில்லாது ஒழுக்கைத் தேடுக. கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஊற்றுவது நம் நாட்டு வழக்கம், அந்நீரிலுள்ள உப்புகள் உள்ளே படிந்து நுண்ணிய வழிகளை அடைக்கும், துருவும் ஏறும். சூட்டுக் காற்று வராவிடின், எஞ்சின் சூடேறியபின், ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் எச்சரிக்கையோடு தொட்டுப் பார்க்க. இரண்டும் சூடாயின் குற்றம் காற்றைத் திருப்பும் கதவிலோ விசிறியிலோ உளது. ஒன்று சூடும் மற்றொன்று குளிர்ச்சியுமாயின் கோர் அடைபட்டிருக்கலாம். இரண்டும் குளிர்ந்திருப்பின் கூலண்ட் குறைந்தது, அல்லது தெர்மாஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. மலைப்பாதையில் ஏறுகையில் ஊசி உயருமாயின், வெயிற்காலமேயாயினும் சூடேற்றியை முற்றும் திறந்துவிடுக. எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பங்கு அவ்வழியே நீங்க, நிறுத்துமிடம் சேரும் வரையில் அது துணைசெய்யும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபொழுதும் திறவாதீர். சிந்திய கூலண்டை உடனே கழுவிவிடுக. அதனை நாயும் பூனையும் நக்கி உயிர் விடுவதுண்டு.

இவையெல்லாம் நூல்களிலும் கிடைப்பன. நூல்களிற் கிடைக்காதது ஒன்றை முதியவரின் வினாவே எனக்குக் கற்பித்தது. எத்திலீன் கிளைக்கால் இன்னதென்று யான் அறிவேன். அதன் பெயரையும் அமைப்பையும் இயல்பையும் அறிவேன். என் தாயார் அதன் பெயரையும் கேட்டறியார். ஆயினும் அது வண்டிக்குள் வந்த முதல் நாளிலேயே, 'இங்கே இருக்கவேண்டாத பொருள் ஒன்று இருக்கின்றது' என்று அறிவித்தவர் அவரே. மூன்று முறை கூறினார். மூன்று முறையும் யான் அவர்க்குச் சமாதானம் கூறினேனேயன்றி, அவர் கூறியதை ஆராய்ந்தேனில்லை. அறிந்தவன் என்னும் எண்ணமே என் செவியை அடைத்தது.

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தாயார் ஊர் திரும்பினர். விமான நிலையத்திற்கு அழைத்துச் சென்றபொழுது, வலப்பக்கத்தில் அமர்ந்து, காலடியில் விரித்திருந்த புதிய விரிப்பைக் குனிந்து கையால் தடவிப் பார்த்தனர். "உலர்ந்திருக்கு" என்றனர். ஊரினின்றும் தொலைபேசியிற் பேசும்பொழுதெல்லாம் பேரனின் நலத்தை வினவியபின், "வண்டியில வாசனை ஏதும் வருதா, ஐயா?" என்று தவறாமற் கேட்கின்றனர். இல்லை என்று உடனே கூறுவதை இப்பொழுது விட்டுவிட்டேன். முதலிற் கீழே சென்று, மூடியைத் தூக்கி, கலத்தை நோக்கியபின்னரே விடை கூறுகின்றேன்.

— ஒரு பழைய மாணவன்